எரியாத விளக்கின் மேல் ஓர் ஆட்சேபணை

எங்கள் மூத்த மாப்பிள்ளை தணிக்கைத் துறையில் அதிகாரி. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற துறை உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் அதை இலவசமாகத்தான் செய்கிறோம். அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உட்கார்ந்த நாற்காலி லேசாக ஆடியது. "ஒரு கால் குட்டை" என்றார். கால் குட்டை இல்லை, தரையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம். ஆனால் மாப்பிள்ளை வாயிலிருந்து வந்துவிட்டதே! மறுநாளே என் வீட்டுக்காரர் ரம்பத்தை எடுத்து மற்ற மூன்று கால்களையும் அறுத்தார். அறுத்ததில் ஒன்று கூடிப்போக, அதைச் சரிக்கட்ட இன்னொன்றை அறுக்க, கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மேசை முகவாயில் இடிக்கிறது. பேரன் மட்டும் வசதியாக உட்காருகிறான்.

மாப்பிள்ளை சொல்லை மறுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டவள் பெரியவள், அவர் மனைவி. ஒருமுறை சின்னவள் வாய் தவறி, "அத்தான், டிவி பழைய இடத்துலயே நல்லாத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் முழுக்கப் பெரியவளும் பேரனும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தால், "அவருக்கு மனசு சரியில்லம்மா" என்று மூக்கை உறிஞ்சுவாள். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் நாங்கள் மூன்று பேரும் தலையாட்டுகிறோம். என் கழுத்தெலும்பு தேய்ந்ததற்கு டாக்டர் வயதைக் காரணம் சொன்னார். நான் ஓய்வு பெறும்வரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள்; காரணம் எது, ரிப்போர்ட் எது என்று எனக்குத் தெரியாதா?

சின்னவள் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். நடு மாடியில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறவர்களை வெளியே எடுக்கிற வேலை. இத்தனை நாள் ஒரு சீனியருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவள் கம்பெனி, ஆஸ்பத்திரியும் உயரமான கட்டடங்களும் இருக்கிற பகுதியைத் தனியாக அவள் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை: சொந்த வண்டி வேண்டும், அந்த வண்டிக்கு அரசு ஆய்வு நிலையத்தின் தகுதிச் சான்று வேண்டும், சான்று வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் மேனேஜர் மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தப் பகுதி மேனேஜரின் மச்சானுக்குப் போகும். அந்தப் பையனுக்கு இரண்டாம் மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் என்று கேள்வி. நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றினாலும் சுற்றுமாம். இது நான் சேர்த்துக்கொண்டது.

சின்னவளின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை யாரிடமோ ஒரு பிரஷர் பம்பை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். "ஆய்வுக்குப் போற வண்டி பளிச்சுன்னு இருக்க வேணாமா, குட்டி?" என்றார். தண்ணீரை அவர் பீச்சிய வேகத்தில் வண்டியின் பின்னால் இருந்த ஸ்டிக்கர் பிய்ந்து பறந்து எதிர்வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். கழுவி முடித்துச் சின்னவள் ஸ்டார்ட் செய்தாள். வண்டி ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டது. முன்னால் மீட்டரில், இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா, உள்ள எவ்வளவு கோளாறு இருந்திருக்கு! கழுவுனதால தெரிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை.

நாங்கள் தலையாட்டினோம்.

வண்டியோடு வந்த கையேட்டில் ஒரு வழி எழுதியிருந்தது. ஸ்டாண்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் அந்த விளக்கே சிமிட்டிச் சொல்லுமாம். நீளமாக எரிந்தால் பத்து, சுருக்கமாக எரிந்தால் ஒன்று. கூட்டினால் கோளாறின் எண். குடும்பமே வண்டியைச் சுற்றிக் குந்தியது. விளக்கு சிமிட்டியது.

"பதினஞ்சு" என்றாள் சின்னவள்.

"பதினாலு" என்றார் என் வீட்டுக்காரர். விளக்கு சிமிட்டும்போதெல்லாம் அவரும் கூடவே சிமிட்டியதில் ஒன்று தவறியிருக்கும்.

"இருபத்தஞ்சு" என்றார் மாப்பிள்ளை. நடுவில் தும்மியவர், தும்மலையும் ஒரு பத்தாகச் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

"எனக்கும் இருபத்தஞ்சுதாங்க" என்றாள் பெரியவள், கையில் இருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், அது பதினஞ்சுதான். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார். நீங்க தண்ணிய பீச்சினீங்கல்ல, அந்த பிளக்குக்குள்ள ஈரம் போயிருக்கும். காய வெச்சா…" என்று தொடங்கியவள், "ஆ!" என்றாள். பெரியவள் பின்னாலிருந்து கிள்ளியிருந்தாள்.

"காய வெச்சா? என்ன சொல்ல வர்றே?"

"ஒண்ணுமில்ல அத்தான். இருபத்தஞ்சாவும் இருக்கலாம்."

மாப்பிள்ளை எழுந்து நின்று பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். "மூணு பேர் மூணு கணக்கு சொன்னா ஆடிட்ல என்ன செய்வோம் தெரியுமா மாமா? எதையும் விடமாட்டோம். மூணையும் சேத்துக்குவோம்."

ஒரே சாயங்காலத்தில் வண்டிக்கு மூன்று வியாதி. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இப்படி ரிப்போர்ட் கொடுத்திருந்தால் ஊரில் பாதிப் பேர் கர்ப்பமாகியிருப்பார்கள், என் வீட்டுக்காரர் உட்பட.

மறுநாள் அவர் கழுத்தில் ஒரு கருப்புப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். உள்ளங்கை அகலம், ஒரு சின்னத் திரை, நீளமாக ஒரு ஒயர். வண்டியின் சீட்டைக் கழற்றி அடியில் இருக்கும் ஒரு சாக்கெட்டில் அந்த ஒயரைச் சொருகினால், கோளாறுகளைப் பெட்டி எழுத்தாகவே காட்டும். சிமிட்டல் எண்ணுகிற தொல்லை இல்லை. இதய நிபுணர்கூட ஸ்டெதஸ்கோப்பை இத்தனை பெருமையோடு மாட்டி நான் பார்த்ததில்லை.

இனி நடந்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓய்வு பெற்றவளுக்கு ஜன்னலை விட நல்ல டிவி எது? மாப்பிள்ளை சாவியைத் திருப்புவார். ஒரு சென்சாரின் பிளக்கைப் பிடுங்குவார். உள்ளே எட்டிப் பார்த்து "ம்ம்ம்" என்பார். வாயால் ஊதுவார். மறுபடி சொருகுவார். பிறகு பெட்டியைப் பார்ப்பார். பெட்டியில் புதிதாக ஒரு கோளாறு! முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. உடனே அடுத்த பிளக்கைப் பிடுங்குவார்.

அன்று சாயங்காலம் கணக்கு ஐந்து. செவ்வாய்க்கிழமை ஒன்பது. காற்றின் சூடு சொல்லும் சென்சார் போச்சு, இஞ்சின் சூடு சொல்லும் சென்சார் போச்சு, வண்டி சாய்ந்தால் சொல்லும் சென்சாரும் போச்சு. இரங்கல் செய்தி வாசிக்கிற குரலில் ஒவ்வொன்றாக வாசித்தார். வண்டி என்னவோ ஞாயிறு ராத்திரிக்குள்ளேயே ஈரம் காய்ந்து, மூச்சு சீராகிவிட்டிருந்தது. நோய் போய்விட்டது, வைத்தியம்தான் போகமாட்டேன் என்றது.

"குட்டி, மனச தேத்திக்கோ" என்றார் சின்னவளிடம். "சென்சார் ஒண்ணு ரெண்டு போனா சென்சார் கோளாறு. ஒன்பது போச்சுன்னா மூளையே போச்சுன்னு அர்த்தம். இஞ்சினோட மூளைய மாத்தணும். நானே வரவழைக்கிறேன், ஒரு மாசம் ஆகும். வியாழக்கிழமை ஆய்வுக்கெல்லாம் போகாதே, அசிங்கமாயிடும்."

"ஒரு மாசமா? அத்தான், வியாழக்கிழமை மத்தியானம் போச்சுன்னா அந்த ஏரியா எனக்கு இல்ல."

"வேலை எங்க ஓடிப்போகுது? உசுரு முக்கியம் இல்லையா? என்ன அத்தை?"

நான் தலையாட்டினேன். பழக்கதோஷம்.

அவர் போனதும் சின்னவள் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். கேரட்டை எடுத்துக் கடித்தாள், மடக்கென்று.

"அம்மா, சாவி ஆன்ல இருக்கும்போது பிளக்க புடுங்கினா, 'ஐயோ என் சென்சார காணோம்'னு வண்டி குறிச்சு வெச்சுக்கும். திருப்பி சொருகினாலும் குறிச்சது குறிச்சதுதான், யாராவது அழிக்கணும். அந்த ஒன்பதுல எட்டு அவரே உண்டாக்கினது. ரத்தம் எடுக்க வந்த ஆளு கைய முறிச்சுட்டு, 'உங்களுக்குக் கை முறிஞ்சிருக்கு, நல்லவேளை நான் வந்தேன்'னு சொல்ற மாதிரி இருக்கு."

"அவர்கிட்ட சொல்லேன்டி."

"நீ சொல்லேன்."

நானும் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தேன்.

"எனக்கு அரை மணி நேரம் போதும்" என்றாள். "எதுக்கும் பிளக்க இன்னொருதரம் நல்லா காய வெச்சு, அந்தப் பெட்டியாலயே எல்லாத்தையும் அழிச்சு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுவேன். ஆனா பெட்டி அவர் கழுத்துல இருக்கு. அவர் வண்டிய விட்டு நகரமாட்டேங்கறார்."

"நாளைக்கு அவர நான் நகத்தறேன்" என்றேன்.

புதன்கிழமை மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் வழிமறித்தேன். "மாப்ளே, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்த சமையலறையில என்னென்ன குறை இருக்குன்னு நீங்க ஒருதரம் பாத்துச் சொன்னா நல்லாருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணத்தன்றுகூட என் மகளை அவர் அப்படிப் பார்த்ததில்லை. சட்டைக் கையை மடித்தார். அலமாரியில் பெட்டி இடிக்கும் என்று கழுத்திலிருந்து கழற்றிக் கூடத்து மேசையில் வைத்தார். வைத்த சூட்டோடு சூடாக அது காணாமல் போனது.

"அத்தை, உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே நிறத்துல இருக்கு. இது பெரிய ஆபத்து."

"ஆமா மாப்ளே. இத்தனை வருஷம் எப்படி உயிரோட இருந்தோம்னே தெரியல."

"இந்தக் கத்தி எதுக்கு அத்தை ஆளைப் பாத்து நிக்குது?"

"திருப்பி வெச்சுடறேன்."

"பாத்திரத்தைவிட மூடி நாலு அதிகமா இருக்கு. அந்த நாலு பாத்திரமும் எங்க?"

இரண்டு பேரும் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து தேடினோம். அந்தக் கேள்வியிலேயே கணிசமான நேரம் போனது. அவர் மேல் அலமாரியில் தலையை விட்டிருந்தபோது வெளியே வண்டி உறுமியது.

"என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்டு மிக்ஸி மாப்ளே. ரொம்பப் பழசு. அடியில அந்தக் குழாய் மூட்டு ஒண்ணு இருக்கு, அதையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்."

குழாய் மூட்டில் அவர் குப்புறப் படுத்திருந்தபோது, என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து மூன்று தடவை இருமினார். முடிந்தது என்று அர்த்தம். நான்காவதாக ஒன்று நிஜ இருமல். சின்னவள் உள்ளே வந்தாள், கையில் தலைமுடி காய வைக்கிற மெஷின், முகத்தில் பால் வடியும் அப்பாவித்தனம்.

"அத்தான், ஒரு அதிசயம்! விளக்கு தானா அணைஞ்சுடுச்சு. நேத்து நீங்க தொட்டு வெச்சதெல்லாம் இப்பதான் வேலை செய்யுது போல. உங்க கைராசி."

மாப்பிள்ளை தரையிலிருந்து எழுந்து, முட்டியைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் தலையாட்டினோம்.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கதையை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. வியாழக்கிழமை காலை நானும் சின்னவளும் ஆய்வு நிலையத்துக்குப் போனால், மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு, பெரியவளையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றார். கழுத்தில் பெட்டி. "வைத்தியம் பாத்தவன் கூட இருக்கணும் இல்ல?" என்றார்.

ஆய்வு நிலையம் என்பது ஒரு நீளமான தகரக் கொட்டகை. எண்ணெய்க் கறை படிந்த தரை, சுவரோரம் ஒரு பெஞ்சு, வரிசையில் ஏகப்பட்ட வண்டிகள். நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வரும்போது பதினோரு மணி தாண்டிவிட்டது. ஆய்வாளர் தூங்கி வழிகிற மீசைக்காரர். கொட்டகை வாசலில் அவருடைய சொந்த வண்டி, குழந்தையைக் குளிப்பாட்டி உட்கார வைத்த மாதிரி, துடைத்து மின்னியது.

சின்னவளின் வண்டியில் டயரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஹாரன் அடித்தார். சாவியைத் திருப்பினார், மஞ்சள் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. ஸ்டார்ட் செய்தார், மறுபடி எரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டுமாம்: பல்பும் உயிரோடு இருக்கிறது, கோளாறும் இல்லை. சாவியை அப்படியே விட்டு இஞ்சினை நிறுத்தினார். "சரி" என்று முத்திரையைக் கையில் எடுத்தார்.

சின்னவள் மூச்சை விட்டாள்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் மாப்பிள்ளை. "அவ்வளவுதானா?"

"ஆமா. விளக்கு அணைஞ்சுடுச்சே."

"விளக்கு எரியலேன்னா சரியா இருக்குன்னு எப்படி சார் சொல்லலாம்? செவ்வாய்க்கிழமை இந்த வண்டியில ஒன்பது கோளாறு. நானே கண்டுபிடிச்சது. இப்ப ஒண்ணுகூட இல்லைன்னா நம்பற மாதிரியா இருக்கு?"

பெரியவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க… வேணாங்க…"

"இரு. இது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். கை போன வேகம் தெரியவில்லை; ஒரு பிளக்கைப் பிடுங்கி, ஊதி, சொருகினார். மஞ்சள் விளக்கு நின்று நிதானமாக எரிந்தது. நிமிர்ந்தபோது அவர் முகமும் எரிந்தது, சந்தோஷத்தில். "பாத்தீங்களா!"

ஆய்வாளர் முத்திரையைக் கீழே வைத்தார். "விளக்கு எரியுதேம்மா. எரிஞ்சா நான் கொடுக்க முடியாது. சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க. அடுத்த ஆளு!"

சின்னவளின் முகத்தைப் பார்த்தேன். அந்த மச்சான் பையன் அந்தக் கணத்தில் எங்கேயோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதவி உயர்வு பெற்றுக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள். பெரியவளின் விரல்கள் தன்னிச்சையாக அவள் முழங்கைக்குப் போயின.

"அக்கா, கிள்ளாதே. நான் தலையாட்டத்தான் போறேன்" என்றாள் சின்னவள். ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "சார், எங்க அத்தான் சொல்றது நூத்துக்கு நூறு சரி."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அவர் கை பட்டா, எந்த வண்டியில எந்தக் கோளாறு ஒளிஞ்சிருந்தாலும் வெளிய வந்துடும். அப்படி ஒரு கை. வேணும்னா உங்க வண்டிய ஒருதரம் காட்டிப் பாருங்களேன். ஓசியிலதான்."

"என் வண்டியா?" ஆய்வாளர் முதல்முறையாக முழுசாகக் கண்ணைத் திறந்தார். "அதுல ஒரு குறையும் கிடையாதும்மா. நானே தெனம் பாக்கறேன்."

இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை சும்மா நிற்பாரா? "எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான் சார் சொல்வாங்க, நான் உள்ள போறவரைக்கும். சாவிய போடுங்க."

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மின்னுகிற அந்த வண்டியின் பக்கத்தில் குந்தினார், பிளக்கைப் பிடுங்கினார், "ம்ம்ம்" என்றார், ஊதினார், சொருகினார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"சார்!" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "உங்க வண்டியிலயும் அதே கோளாறு!"

யாரோ ஒருவன் வரிசையின் கோடியிலிருந்து, "அண்ணே, என் வண்டி பக்கம் வராதீங்க!" என்று கத்தினான். கொட்டகையே குலுங்கியது. தகரக் கூரையிலிருந்து இரண்டு புறாக்கள் செத்து விழுந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பறந்து போயின என்றாவது நம்புங்கள். ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. எரிகிற விளக்கைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார்.

"இவர் தொட்டதாலதான் உன் வண்டியிலயும் எரிஞ்சுதா?"

"அத நான் எப்படி சார் சொல்றது? அவர் எங்க அத்தான்" என்றாள் சின்னவள். "அத்தான், அந்தப் பெட்டிய கொஞ்சம் கொடுங்களேன். உங்களுக்குக் கை வலிக்கும்."

மாப்பிள்ளை ஜெயித்த மயக்கத்தில் கழற்றிக் கொடுத்தார். அவள் தன் வண்டியின் சீட்டைக் கழற்றி ஒயரைச் சொருகி, குறித்து வைத்ததை அழித்தாள். ஸ்டார்ட் செய்தாள். விளக்கு அணைந்தது. ஆய்வாளர் ஒரு கையால் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மறு கையால் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பெட்டியை அத்தானின் கழுத்தில் திரும்ப மாட்டிவிட்டு, சான்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சின்னவள் கிளம்பினாள். மேனேஜர் வைத்த கெடு முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வண்டி தெருமுனையில் திரும்பியபோது கொட்டகையில் சிலர் விசிலடித்தார்கள். நானும் அடித்தேன், பல்செட் கொஞ்சம் ஒத்துழைக்கவில்லை.

"யோவ், என் வண்டியில எரியறத யாருய்யா அணைக்கிறது?" என்றார் ஆய்வாளர்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார். "அவசரப்படக்கூடாது சார். ஒண்ணு வந்திருக்குன்னா உள்ள இன்னும் நிறைய இருக்கும். முதல்ல எல்லா பிளக்கையும் ஒருதரம் கழட்டிப் பாத்துடுவோம். சாவி ஆன்லயே இருக்கட்டும்."

பெரியவள் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அம்மா," என்றாள் மூச்சு வாங்க, "இவர் முடிக்கறதுக்குள்ள நாம பஸ் ஏறிடலாம், வா."